பாதி வர்ணம்

மாடிவீட்டுச் சிறுமி வர்ணம் பாடுகிறாள். கீரை ஆய்ந்தபடி, நாற்பதைக் கடந்த என் மகளும் கூடவே முணுமுணுக்கிறாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்குகிறது.

தொண்ணூறுகளில், மயிலாப்பூரில், அவளைப் பாட்டு வகுப்பில் சேர்த்தேன். பண்பாடு, ஞானம் என்றெல்லாம் ஊரெங்கும் அளந்தேன். அத்தனையும் பொய். என் மேனேஜரின் பெண் அங்கே கற்றாள். உள்ளே குழந்தைகள் பாட, பெட்ரோல் நெடியடிக்கும் வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு அவரிடம் பல்லிளித்தேன்.

பதவி உயர்வு வந்தது. அந்த வாரமே, "பாட்டு போதும், கணக்கைப் பாரு" என்றேன்.

"வர்ணம் பாதியில நிக்கறதேப்பா. முடிச்சுடறேனே?"

"நீ பாடி என்னத்தைக் கிழிக்கப் போறே?"

மாடியில் பாட்டு தொடர்கிறது. மகள் நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா?"

"எனக்கு இவ்வளவுதாம்ப்பா தெரியும்" என்று கீரைக் காம்பை ஒடிக்கிறாள்.