கை வைக்காமலே ரூம் போட்ட யமுனா

பொன்னியம்மாள் எனக்குச் சின்ன அத்தை மகள். அவளுடைய பெண்தான் யமுனா. அந்த வழியில் வந்த பெண்கள் யாருக்கும் சும்மா உட்காரத் தெரியாது. யமுனாவுக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கிற வேலை. சீமந்தம் முடிந்து புத்தூர் பக்கம் தாய் வீட்டுக்கு வந்தபோது, துணிமணியோடு லாட்ஜ் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேனேஜர் வேதாச்சலம், "வூட்லயே உக்காந்து பாரும்மா. தப்பு வராத வரைக்கும் சீட்டு உன்னுது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தப்பு உடனே வந்தது. பலமனேர் தக்காளி வியாபாரி ஒருவர் தனி ஆளாக வந்து இறங்கினார். அவர் பேரில் ஒரு மாடி முழுக்கப் போட்டிருந்தது. அதே வாரம் காளஹஸ்தியிலிருந்து வந்த கல்யாணக் கூட்டத்துக்கு ஒற்றைக் கட்டில் ரூம் ஒன்று. வேதாச்சலம் போன் செய்தார்.

"ஏம்மா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மொத்தமும் கீழ நின்னுக்கினு கீறாங்க. எல்லாரையும் ஒரே கட்டில்ல எப்படி அடுக்கறது?"

"நான் அதைத் தொடவே இல்ல சார்."

"நீ தொடலன்னா பெருமாளா எறங்கி வந்து தொட்டாரு? இன்னொரு வாட்டி ஆச்சுன்னா பவன்குமார உக்கார வெச்சுடுவேன், பார்த்துக்கோ."

பவன்குமார் ரிசப்ஷனில் இருப்பவன். யமுனா வேலைமேல் அவனுக்கு வெகு நாளாகக் கண்.

யமுனா சொன்னது பொய்யில்லை. அவள் பேர் விலாசம் அடித்துக்கொண்டிருப்பாள். திரையிலிருக்கும் அம்பு தானாகக் கிளம்பிப் போய் எதையாவது அமுக்கிவிட்டு நிற்கும். பொன்னியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை, சீமந்தத்துக்கு வந்தவர்களில் யாரோ கண் வைத்துவிட்டார்கள். உப்பும் மிளகாயும் எடுத்து லேப்டாப்பைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் வீடே தும்மியது. யமுனா தும்மின தும்மலில் இன்னொரு ரூம் புக்காகப் பார்த்தது.

சூளூர்பேட்டையில் வேலை பார்க்கும் புருஷன் ஹேமநாத், ஞாயிற்றுக்கிழமை ஒரு மவுஸ் வாங்கி வந்தான். வயிறு இருக்கிற இருப்பில் யமுனாவால் மேஜையை நெருங்க முடியாது. கட்டிலில் சாய்ந்து, தலையணைமேல் லேப்டாப்பை வைத்துத்தான் வேலை. மவுஸை எங்கே ஓட்டுவது? பொன்னியம்மாள் முறத்தைக் கவிழ்த்துக் கொடுத்தாள். முறத்து வரியில் மவுஸ் மாட்டுவண்டி மாதிரி தடதடத்தது. தாம்பாளத்தைக் கவிழ்த்தாள். அந்தப் பளபளப்பில் அம்பு நகரவே மறுத்தது.

"புளி போட்டுத் தேய்ச்ச தாம்பாளம் மாப்ளே. இதுவும் புடிக்கலன்னா அதுக்கு இன்னாதான் வேணுமாம்?"

யமுனா அலுத்துப்போய்ப் பழையபடி கையை லேப்டாப்மேல் போட்டாள். விரல் எதிலும் படவில்லை. அம்பு கிளம்பியது. குனிந்து பார்த்தாள். கண்ணாடி வளையல் வரிசைக்கு முன்னால், மணிக்கட்டை ஒட்டி, சீமந்தத்தன்று மாமியார் போட்ட வெள்ளிக் காப்பு. விரலால் தடவுகிற டச்பேடில் அது பட்டுக்கொண்டிருந்தது. அதையும் ஒரு விரல் என்று லேப்டாப் நம்பிவிட்டது.

"யம்மா, காப்புதான் இத்தனையும் பண்ணுது. வேலை நேரத்துல கழட்டி வெச்சுடட்டுமா?"

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி காப்பைக் கழட்டுவியா? உங்க மாமியாருக்கு யார்றி பதில் சொல்றது? அந்தப் பொட்டியக் கழட்டிப் போடு."

ஹேமநாத் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பு அவன் அம்மா போட்டது, வேலை பெண்டாட்டியுடையது.

"நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"டீ நல்லாக்கீது."

காப்பு கழலாது என்று ஆனபின் பெட்டிதான் வழிக்கு வர வேண்டும். யமுனா செட்டிங்ஸைத் திறந்து டச்பேட் பக்கத்துக்குப் போனாள். தொட்டவுடன் துள்ளுகிற உணர்வு அதிகத்தில் இருந்தது, கடைசிவரை குறைத்தாள். தட்டினாலே கிளிக் ஆகும் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். இனி மூலையில் அழுத்தினால்தான் கிளிக். விரல் நெடுந்தூரம் போக வேண்டாமென்று அம்பின் வேகத்தை ஏற்றினாள்; அது திரையின் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது, கொஞ்சம் இறக்கினாள். பிறகு காப்பை வேண்டுமென்றே டச்பேடில் வைத்து இழுத்தாள். அம்பு அசையவில்லை. பொன்னியம்மாளும் நம்பிக்கையில்லாமல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னைக் கூட மதிக்கலியே இது."

"அதாம்மா வேணும்."

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் முழுவதும் அந்தக் கையாலேயே, காப்பு வளையல் கலகலக்க, கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தாள். ஒரு ரூம்கூட மாறவில்லை. வேதாச்சலமும் கோபத்தை மறந்துபோனார்.

பெண் பிறந்தது. யமுனா படுத்திருந்த நாட்களில் பவன்குமார்தான் புக்கிங் பார்த்தான், ரூம்களெல்லாம் மாறிக் குழம்பின. தரணி என்று பேர் வைத்தார்கள். காப்பும் வளையலும் கழன்றன. செட்டிங்ஸை மட்டும் யமுனா மாற்றவில்லை. ஒருநாள் வேதாச்சலத்தோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, மடியிலிருந்த தரணி எட்டி டச்பேடில் பட்டுப்பட்டென்று அடித்தாள்.

"சார், பொண்ணு கை வெச்சுட்டா. ஏதாவது ரூம் போயிருக்கா பாருங்க."

வேதாச்சலம் புக்கிங் முழுவதையும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் போகலம்மா" என்றார் வேதாச்சலம். "பவன்குமார் கைக்கு உன் பொண்ணு கை எவ்வளவோ தேவல."