வரவேற்பறையில் ஒரு கடின இருக்கை

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. வழக்கம்போல ஆறரைக்கு எழுந்து தேநீர் போட்டேன். வாசற்படியில் உறைபனி பிடித்திருந்ததால் உப்புத் தூவினேன். பிறகு ஹரோ தமிழ் வகுப்புக்குப் போய், பிள்ளைகள் வருவதற்கு முன் கதிரைகளை வரிசையாக்கினேன். திரும்பும் வழியில் மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் செய்ய மனைவி கேட்டிருந்தாள்.

பிள்ளை பெற்றவள் எங்கள் மகள். சீனாவில் ஒரு சிறிய நகரத்தில் கணவனோடு இருக்கிறாள். பேத்திக்கு இரண்டு வாரம். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவுக்கு முன் குழந்தையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள்.

விசா வந்துவிட்டது. ஆனால் அந்த நகரத்துக்கு விமானமும் இல்லை, அதிவேக ரயிலும் இல்லை. பதினொரு மணி நேரம் பழைய ரயிலில் போக வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊர் போகும் நேரம் வேறு. சீட்டு விற்பனை மறுநாள் காலை எங்கள் நேரம் ஏழு மணிக்குத் தொடங்கும். படுக்கைச் சீட்டுக்கு முயன்று தவறினால், ‘கடின இருக்கை’ என்ற ஆக மலிவான வகுப்பும் மிஞ்சாது என்றார் மருமகன். அதில் வர ஏலுமா என்பதை அன்றைக்கே சொல்ல வேண்டும். மனைவிக்கோ பல வருட நாரி நோவு; கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இருக்கையைப் பற்றி மருமகனிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். மெல்லிய மெத்தை இருக்கும்; முதுகுப்பக்கம் நிமிர்ந்தே இருக்கும், சாய்க்க முடியாது. எதிரில் இருப்பவரின் முழங்கால் நம்முடையதில் முட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறையில் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை அப்படியே எதிரெதிராக நெருக்கிப் போட்டேன்.

“பின்னேரம் முழுக்க இதிலை இருந்து பாரும். ஏலாட்டி விட்டிடுவம்,” என்றேன்.

மனைவி மல்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கல் பொறுக்கத் தொடங்கினாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் வெஸ்ட் ஈலிங் கோயிலிலிருந்து அவளுடைய அண்ணை, நெற்றியில் விபூதியோடு வந்து நின்றார்.

“என்ன மச்சான், வீடு மாறுறீரோ?”

“சீனாவுக்குப் போறம் அண்ணை,” என்றாள் மனைவி. “உவர்தான் ரயில் ஓட்டுறார்.”

“எனக்கும் சீட்டு இருக்கோ?”

“உங்களுக்கு இருக்கையில்லாச் சீட்டு,” என்றேன். “அங்கை அப்பிடியும் விக்கிறாங்கள். விலை ஒண்டுதான், ஆனா நிண்டுகொண்டு வரவேணும்.”

“உமக்குத் தங்கச்சியைத் தந்ததுக்கு இதுவோ மரியாதை?”

சொன்னாலும், அவர் உண்மையான பயணியைப் போல என் கதிரை முதுகில் முழங்கையை ஊன்றி நின்றார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கதிரையோரமாக ஒதுங்கி, “இதிலை ஒரு கரையிலை இருங்கோ அண்ணை,” என்றாள். அந்த ரயிலிலும் இருக்கை உள்ளவர்கள் நிற்பவர்களுக்கு இப்படித்தான் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்களாம். மகள் சொல்லியிருக்கிறாள்.

இருவரும் பேத்திக்குப் பெயர் தேடினார்கள். சீன வாயிலும் நுழைய வேண்டும், அம்மன் பெயராகவும் இருக்க வேண்டும் என்று அண்ணை வாதாடினார். வெளியே இருட்டத் தொடங்கியபோது என் வலது கால் விறைத்துவிட்டது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன்.

“சீனா வந்திட்டுதோ? இறங்கிறீர்!” என்று அண்ணை கைதட்டிச் சிரித்தார்.

மனைவி இன்னும் எழவில்லை. ஆனால் ஒரு கை நாரியை அழுத்திப் பிடித்திருந்தது.

“நோகுதெல்லே? உண்மையைச் சொல்லும்.”

“நோகுது,” என்றாள். “இஞ்சை கட்டில்லை படுத்தாலும் நோகுதுதானே. அங்கை பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு நோகட்டும்.”

அண்ணை சிரிப்பை நிறுத்தினார். நான் கதிரைகளைப் பற்றி யோசித்த அளவுக்கு இதை யோசித்திருக்கவில்லை. அவள் பொறுக்கிய மல்லியைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, “அப்ப போவம்,” என்றேன்.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்னதாக, முதல் வேலையாக எங்கள் கடவுச்சீட்டு இலக்கங்களைத் தொலைபேசியில் மருமகனுக்கு வாசித்தேன். அவர் எங்களுக்கும், அழைத்துப்போக வரும் தனக்குமாக மூன்று கடின இருக்கைகள் எடுத்தார். யன்னலோரம் மனைவிக்கு.