அம்மா என் தலையில் அடித்த சத்தியம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ற, ர எது எங்கே வரும் என்பது இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனவன். வாசிக்கிறவர்கள்தான் பொறுத்துக்கொண்டு திருத்தி வாசிக்க வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ. ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். அந்த வருஷம் அவருக்கு மனசு சரியில்லாமல் போனது. மிஷின் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். திட்டும் குரல் குறைந்தது. ஆனால் கழுத்தும் தாடையும் இழுக்கிறது என்று சொல்லி மாத்திரையைச் சாக்கடையில் போட்டார். குரல் திரும்ப வந்தது.

அப்பா யாரோ சொன்னதைக் கேட்டு மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அம்மா அதைத் தினமும் காலையில் மாமாவின் பாலில் விட்டாள். இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவுக்குச் சர்க்கரை தூக்கலாகப் பால், எனக்குப் பால் விடாத வரக்காப்பி. மனசு சரியில்லாமல் போனால் பால் கிடைக்கும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

மாமாவுக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, இதுல என்னமோ கலக்கறீங்க. குடிச்சா மறுபடியும் தாடை இழுக்குது."

அப்பா இதைக் கேட்டு, நோய் முற்றிவிட்டது என்றார். சொந்த அக்கா மேலேயே சந்தேகப்படுகிறவனை வீட்டில் எப்படி வைத்திருப்பது என்றார். மருந்தை வாங்கி வந்ததே தான்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. தெற்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு வைத்துக்கொள்வார்களாம். இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மாமா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அதையே கேட்டார். அப்பா குளித்துவிட்டு வரும் சத்தம் கேட்டது. அம்மா பயந்துபோய், பக்கத்தில் நின்ற என்னை இழுத்து என் தலையில் கை வைத்தாள்.

"இவந்தலைல அடிச்சுச் சத்தியம் பண்றேன் தம்பி. பாலத் தவிர இதுல ஒண்ணுமில்ல."

எங்கள் பக்கம் பிள்ளை தலையில் அடித்துச் சொன்ன சொல்லுக்கு மேல் சாட்சி கிடையாது. மாமா முழுசாக நம்பிவிட்டார். நம்பியதால்தான், பாதியைக் குடித்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் போனதும் மீதியை என்னிடம் நீட்டினார்.

"குடிச்சுக்க கண்ணு. தினோம் பாத்துட்டே நிக்கறே."

அன்றிலிருந்து பாதிப் பால் எனக்கு.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தபோது என் கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பியது. நேராக்கப் பார்த்தேன், வரவில்லை. நாக்கு தடித்துவிட்டது. கண் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. கரண்டுக் கம்பிதான் தெரிந்தது. நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலையோடு வந்தார். மாமாவின் நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்றார் அப்பா. மாமாதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். அம்மாவும் அப்பாவும் பின்னால் வந்து ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த சிஸ்டர் தெற்கத்திக்காரர். மனநோய் வார்டில் பல வருஷம் இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. என் தாடையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பதறவே இல்லை.

"பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்திய?"

ஒன்றும் கொடுக்கவில்லை என்றார் அப்பா. அம்மா அழ ஆரம்பித்தாள்.

"மருந்தில்லீங்க சிஸ்டர். பையன் தலைல பொய்ச் சத்தியம் பண்ணிட்டனுங்க. அதான் தலையவே திருகிப்போட்டுதுங்க."

எதற்குச் சத்தியம் என்று சிஸ்டர் கேட்டார். பாலும் சொட்டு மருந்தும் வெளியே வந்தன, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. மீதிப் பாலைப் பையனுக்குத்தான் கொடுத்தேன் என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

"அப்போ சத்தியம் இல்லம்மா. மருந்துதான் இழுக்கு," என்றார் சிஸ்டர். டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன ஊசியைச் சிஸ்டரே போட்டார். கொஞ்ச நேரத்தில் நேராகிவிடும் என்று என் கன்னத்தைத் தட்டினார். பிறகு மாமாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"உங்களுக்கும் இப்படி இழுத்துச்சா?"

"தாடைங்க. கழுத்துங்க. சொன்னா ஒருத்தரும் நம்பலைங்க."

"நீங்க சொன்னது நோயில்ல. நெசம்."

அம்மாவையும் அப்பாவையும் பார்த்து, இனி மறைத்து ஊற்றக் கூடாது, அவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் திட்டாமல் இங்கே கூட்டி வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார். மாமா கேட்டார்:

"கழுத்து இழுக்காத மருந்து இருக்குதுங்களா சிஸ்டர்?"

"இருக்கு. டாக்டர்ட்ட சொல்லி மாத்தி வாங்கித் தாரேன். ஆனா நீங்களே எடுத்துப் போடணும்."

மாமா தலையாட்டினார். சொன்னபடி செய்தார். இன்றும் செய்கிறார். நடுவில் ஓரிரு முறை சரியில்லாமல் போனபோது, தானே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கும் கிளம்பவில்லை. கோயில் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் அன்று நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. ஊசி போட்டுச் சற்று நேரத்தில் என் கழுத்து தளர்ந்தது, கண் கீழே இறங்கியது. முதலில் தெரிந்தது மாமாவின் முகம். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். என் கோணக் கழுத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் மடியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் போய்விட்டேன். என்ன கண்ணு, என்ன கண்ணு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எத்தனையோ மாதம் சொல்லிச் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை ஒருவர் நம்பிவிட்டால் மனிதனுக்கு அப்படியொரு சிரிப்பு வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தது: ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.