மோட்டார் குழாயில் வந்த பதில்

நம்பாவிட்டால் பரவாயில்லை. நானும் இதையெல்லாம் நம்பாதவள்தான். சிவில் படித்தவள்; எதற்கும் காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவது என் பழக்கம். இதில் எல்லாவற்றையும் அடித்தாயிற்று, மிச்சம் ஒன்றும் இல்லை.

திருவண்ணாமலையில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை. முதல் உலகப் போருக்குத் தாமாகவே போய்ச் சேர்ந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவு ஒன்றின் வரலாற்றை யாரோ புத்தகமாக்குகிறார்கள். அந்தப் பிரிவு தோண்டிய சுரங்கங்களின் பழைய படங்களை நான் கணினியில் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். போருக்கு முன்பு தங்கள் ஊரில் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். சுரங்கம் சரிந்தால், மேலே இருப்பவர் இரும்புக் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். கீழே எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு பதிலாக வரும். பதில் வந்துகொண்டிருக்கும் வரை குழியை மூடக் கூடாது.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “வெள்ளக்காரன் வெட்டின பொந்தெல்லாம் வரையற, நம்ம கிணத்த ஒரு நாளாவது எட்டிப் பாத்தியா?” என்று சிரித்தான்.

அடி அண்ணாமலையில் இருக்கும் அந்தக் கிணற்றில் தூர் வார இறங்கியபோதுதான் பக்கச்சுவர் சரிந்து அவன்மேல் விழுந்தது. பட்டப்பகல். தனியாகத்தான் இறங்கியிருந்தான். தீயணைப்பு வண்டி வந்தது, ஜேசிபி வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, மோட்டார் குழாயில் ஸ்பானரால் மூன்று தட்டு தட்டிக் காதை வைத்தேன். ஒரு தட்டு வந்தது.

“அம்மா, இருக்கான்மா.”

“கல்லு உருண்டிருக்கும்மா” என்றார் தீயணைப்புக்காரர். மறுபடி தட்டினேன். மறுபடியும் ஒன்று. ஜேசிபி வேண்டாம், கையாலேயே அள்ளுங்கள் என்று அடம்பிடித்தது நான்தான். சாயங்காலம் வரை அள்ளினார்கள். அதுவரை அம்மா அழவே இல்லை. மேலே வந்ததும் அவனுக்குப் பசிக்கும் என்று கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல் விழுந்த நொடியே போயிருக்கிறான் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பெரியாஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள்.

“நீதானடி இருக்கான்னு சொன்ன?” அதற்குப் பிறகு அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை.

அன்று எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் போன பிறகு நான் மட்டும் கிணற்றடியில் நின்றேன். கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து நிலத்து மோட்டாரும் ஓடவில்லை. குழாய்தான் தானாகச் சத்தம் போட்டதா என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. காலிக் கிணறு. மூன்று தட்டினேன்.

ஒன்று வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் இன்னொரு முறை எப்படிச் சொல்வது? காரியம் முடிந்ததும் மண் அடித்துக் கிணற்றை மூடினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

குழாய் முனை மட்டும் இன்னும் ஒரு சாண் வெளியே நிற்கிறது. அம்மா அதில் ஆட்டைக் கட்டுகிறாள். ஆடு திரும்பும்போதெல்லாம் சங்கிலி குழாயில் இடிக்கும். மூன்றாவது இடி விழுவதற்குள் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.