உடைக்க வாங்கிய கார்

மழை நாட்களில் என் கணவர் எங்கள் காரில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பார்ப்பவர்களுக்குக் கோயிலுக்குள் போகிறார் என்று தோன்றும். அவர் கால் வைக்கும் இடத்தில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, வீதித் தண்ணீர் கீழிருந்து பீறிட்டு அடிக்கும். "ஒழுகுற காருன்னா மழை மேலேருந்து வரணும். உன் கார்ல கீழேருந்து வருது" என்பார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஓட்டுகிறவள் பக்கம் நனையவில்லையே.

அந்த நீலக் காரை நான் வாங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. வாங்கும்போதே அது பழையதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்து, இங்கே நாலைந்து பேர் கைமாறி என்னிடம் வந்தது. நான் மாத்தளையில் பிரதேச செயலகத்தில், காணிப் பகுதியில் வேலை செய்கிறேன். அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்குக் கார் ஓட்டி வந்த பெண் நான் ஒருத்திதான். முதல் நாள் வேடிக்கை பார்க்க ஆண்கள் எல்லாரும் விறாந்தையில் வந்து நின்றார்கள். நான் பின்னுக்கு எடுத்து மதிலில் இடித்தேன். யாரோ கை தட்டினார். இறங்கிப் போய், யார் தட்டியது என்று கேட்டேன். விறாந்தை காலியானது. மறுநாள் ஒரே தடவையில் நேராக நிறுத்தினேன். அன்றைக்குக் கை தட்ட ஆள் இல்லை.

வீடு மாமனார் கட்டியது. நகை அம்மா போட்டது. யாரையும் கேட்காமல், நானே போய்ப் பார்த்து, நானே முடிவு செய்து வாங்கிய பெரிய பொருள் அந்தக் கார் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் என் காருக்கும் ஒரு மரியாதை இருந்தது. வீதியில் நிறுத்தி, விற்கிறீர்களா என்று கேட்டவர்கள்கூட உண்டு. மறுபடி புதுக் கார்கள் வரத் தொடங்கியதும் அதே ஆட்கள், இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் கணவரும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டார். "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துட்டுக் கையக் கழுவு" என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் மழை பெய்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே வந்து காரில் ஏறினார்.

அலுவிகாரையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிறவரை ஊரே பாஸ் என்று கூப்பிடும். என் காரின் இருமல் தும்மல் எல்லாம் தெரிந்தவர். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவு நாலும் போச்சு மிஸ். மட்காட் போச்சு. கீழ தகரம் போச்சு. புதுசா எங்கயும் கெடைக்காது. இதே மாதிரி இன்னொரு கார வாங்கி உடைச்சாத்தான் இதைக் காப்பாத்தலாம்" என்றார். காப்பாற்றலாம் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அதே மாதிரி ஒரு காரைத் தேடத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்புள்ளையில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. மரக்கறி மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்துவிட்ட ஒரு முஸ்லிம் பெரியவருடைய கார். எழுபது வயதிருக்கும், சீனி வியாதியில் கண் பார்வை மங்கி, பிள்ளைகள் அவரை ஓட்ட விடுவதில்லை. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். வெங்காய மூட்டைகள் அடுக்கிய ஷெட்டின் ஓரத்தில் கார் நின்றது. பால் கோப்பி நிறம். என் கண் நேரே கதவுகளுக்குத்தான் போனது. நாலும் புதுசு போல இருந்தன.

"எஞ்சின் போய் மூணு வருசம்" என்றார் நானா. "மத்ததெல்லாம் நல்லா இரிக்கி. முப்பது வருசமா என்ட கையிலதான். ஒண்டு மட்டும் கேக்குறன், தங்கச்சி. உடைக்க எடுக்கல்லயே? இரும்புக்காரன் நாலு தடவ வந்து போய்ட்டான். நான் குடுக்கல்ல."

"ஐயோ, இல்ல நானா. ஓட்டத்தான். எஞ்சின் ஒன்னு போட்டு நானே ஓட்டப் போறேன்."

பொய் தடங்கலே இல்லாமல் வந்தது. கூட வந்திருந்த என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெங்காய மூட்டைகளைப் பார்த்தார். சத்தியக் கடதாசியில் பொய் எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் எப்படிக் காய்ச்சி எடுப்பேன் என்று எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நான்தான் ஒரு வயதானவரின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனால் கதவுகள் வேண்டியிருந்தன.

சந்தைக்கு முட்டைக்கோவா ஏற்றி வந்து இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறி ஒன்றில் அந்தக் காரை ஏற்றினோம். நானா வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லொறி வீதிக்கு ஏறியதும் உள்ளே போய்விட்டார். அதே லொறியில் திரும்பி வரும்போது என் கணவர், "ஓட்டத்தானே வாங்கியிருக்க? ரொம்ப நல்லது. என் கால் நனையாது" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாஸ் இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். முதலில் என் நீலக் காரை ஜாக்கியில் தூக்கிக் கீழே படுத்து, அடிச்சட்டமான சேசியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினார். துரு மண் போலக் கொட்டியது. பிறகு மற்றக் காரின் கீழே போய்க் குத்தினார். டங் என்று சத்தம் மட்டும் வந்தது.

வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார்.

"மிஸ், கதவ மாத்தலாம். மாட்டுறது எதுல? மாட்டுற எடமே இல்லியே. நான் மேலதான் பாத்தேன், இவ்வளவு தூரம் போயிருக்கும்னு நெனைக்கல. அது தம்புள்ளை வெயில்ல காஞ்ச கார், நம்ம ஊர் ஈரம் அதுல படல. உங்க எஞ்சின் நல்ல எஞ்சின். அதக் கழட்டி அந்தக் கார்ல வைப்போம்."

"அப்ப என் கார்?"

"உடைக்க வேண்டியது அதத்தான் மிஸ்."

இதைக் காப்பாற்றத்தான் அதை வாங்கினேன் என்று கத்தினேன். கராஜில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் கைப்பையைக் கராஜிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்தேன். கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து பையை எடுப்பதைப் போல ஒரு அவமானம் உலகத்தில் இல்லை. பாஸுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். மெல்ல, "மனசு கேக்கலன்னா ஒரு வழி இருக்கு மிஸ். சேசி நம்பர் இருக்குற துண்ட வெட்டி அதுல ஒட்டிட்டு, நீலத்துல பெயின்ட் அடிச்சா அது உங்க கார்தான். நெறையப் பேர் செய்யுறாங்க" என்றார்.

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. ஒரு முழு நாள் யோசித்தேன். என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் வாகனங்களுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். அங்கே போய் அந்தக் கள்ளக் காருக்கு நானே பத்திரம் வாங்கி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பயத்தைக்கூடத் தாண்டியிருப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் நானா தொலைபேசியில் பேசினார். காரின் பதிவுப் புத்தகத்தை என் பெயருக்கு மாற்றுவதற்கு இன்னும் ஏதாவது கையெழுத்து வேண்டுமா என்று கேட்கத்தான் எடுத்தார். பேச்சு முடிந்த பிறகும் வைக்கவில்லை.

"என்ட கார் எப்பிடி இரிக்கி?"

"கராஜ்ல இருக்கு நானா" என்றேன். அது ஒன்றுதான் அவரிடம் நான் சொன்ன உண்மை.

அந்த நம்பரை வெட்டி ஒட்டினால் அவருடைய கார் காகிதத்தில் செத்துப்போகும். என்னுடையது தகரத்தில் ஏற்கெனவே செத்துவிட்டது. மிச்சமிருந்து ஓடப் போவது என் பொய் மட்டும்தான். அதற்கு என் நீலக் காரின் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பாஸிடம் போய், என் காரை உடைக்கச் சொன்னேன். எஞ்சினை மாற்றினால் எழுதிப் பதிந்தால் போதும். சேசியை அப்படி மாற்ற முடியாது. சட்டத்தின் பார்வையில் கார் என்பது கூடுதான். என் பார்வையில் என்ன என்று எனக்கே தெரியவில்லை. தினமும் வேலை முடிந்து கராஜுக்குப் போய் நின்றேன். ஒரு நாள் என் எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. இன்னொரு நாள் கியர் பெட்டி. பிறகு கதவுகள் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் அது ஒரு வெறும் நீலத் தகரமாக நின்றது. பதிவை ரத்துச் செய்யும் படிவத்தைத் தந்த அலுவலர், "உறுதியாத்தானா மிஸ்?" என்று கேட்டார். கையெழுத்தை வழக்கத்தைவிட அழகாகவே வைத்தேன். நான் அழவில்லை. எரிந்து மட்டும் விழுந்தேன். பாஸ் மேல், கணவர் மேல், மை வராத பேனை மேல்.

ஒரு மாதத்தில் பால் கோப்பி நிறக் கார் ஓடத் தொடங்கியது. முதல் நாள் மாத்தளை டவுன் வரைக்கும் போனோம். நல்ல மழை. என் கணவர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினார். போய்ச் சேரும் வரைக்கும் குனிந்து குனிந்து பார்த்தார். "ஒரு சொட்டுகூட இல்ல. என்னமோ மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கிளட்ச் கொஞ்சம் உயரம், ஸ்டியரிங் கொஞ்சம் பாரம். ஆனால் மூன்றாம் கியருக்கு மாற்றியதும் வந்தது என் காரின் சத்தம். இருபது வருடமாகக் கேட்ட அதே சத்தம். கதவுகள் ஆடாததால் அது முன்னைவிடத் தெளிவாகவும் கேட்டது. மனதுக்குள் ஏதோ இளகியது. நல்ல காரைத்தான் காப்பாற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் முதல் தடவை தோன்றியது.

அடுத்த ஞாயிறு காலை நான் தம்புள்ளைக்குப் புறப்பட்டேன். கணவரும் கூட வந்தார். நாவுல ஊரைத் தாண்டியதும் மழை விட்டு வெயில் வந்தது. கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. நானாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் பொய் பொய்தான்.

சத்தம் கேட்டு நானா வெளியே வந்தார். காரின் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது என்ட எஞ்சின் இல்ல."

"என்னோடது நானா" என்றேன். அதற்குப் பிறகு, சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், ஒரே மூச்சில் கொட்டினேன். "நான் அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். உடைக்கத்தான் வாங்கினேன். கதவுக்காகத்தான் வாங்கினேன்."

நானா சிரித்தார். "அது தெரியுமே தங்கச்சி. ஓட்டுறதுக்கு வாங்க வாற ஆள் ஒரு தடவையாச்சும் ஸ்டியரிங்ல ஒக்காராம போவாங்களா? பொனட்டத் தொறக்கச் சொல்லவுமில்ல. கதவையும் மட்காட்டையும்தான் தடவித் தடவிப் பாத்தீங்க. கண்ணு மங்கல்தான், அவ்வளவு மங்கல் இல்ல."

"தெரிஞ்சும் ஏன் தந்தீங்க?"

"இரும்புக்காரன் வந்தா காலால ஒதச்சுப் பாப்பான். நீங்க ஒவ்வொரு கதவையும் தொறந்து பாத்துட்டு மெதுவாச் சாத்துனீங்க. சரி, என்ட கதவு இன்னொரு கார்ல போகும், போகட்டும்னு நெனச்சன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "எங்க உங்கட கார்?"

"உடைச்சிட்டேன் நானா."

அலுவலகத்தில் நீலக் கார் எங்கே என்று கேட்ட எத்தனையோ பேரிடம் இதே சொல்லைக் கறாராகச் சொன்னவள் நான். அங்கே, அவர் முன்னால் அந்தக் கறார் வரவில்லை. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஐம்பத்தேழு வயதில், ஒரு காருக்காக அழுதேன். கணவர் கைக்குட்டையை நீட்டினார். நானா அவசரப்படவில்லை.

"அழுங்க தங்கச்சி" என்றார். "இத லொறியில ஏத்தி அனுப்புன அண்டைக்கு நான் உள்ள போய் அழுதுட்டன். இண்டைக்கு உங்கட நாள்."

நான் முகத்தைத் துடைத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறக்கப் போனவர், கையை எடுத்துவிட்டு, காரைச் சுற்றி நடந்து மற்றப் பக்கம் வந்து ஏறினார். கணவர் பின்னால் ஏறினார்.

"முப்பது வருசமா வச்சிருந்தன். இந்த சீட்ல இண்டைக்குத்தான் ஒக்காருறன்" என்றார் நானா. எங்கே போக என்று கேட்டேன். எங்கேயாவது போங்க என்றார்.