ஸ்கானில் விழாத நோவு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது தோள் நோவு. வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பலகையில் எழுதி எழுதியே வலது தோளின் தசைநாண் கெட்டுப்போனது. ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கானில் கிழிவும் இல்லை, வீக்கமும் இல்லை. அன்றோடு வீட்டில் என் நோவுக்கு மதிப்புப் போய்விட்டது. உடுப்புக் காயப்போட முடியவில்லை என்றால், ஸ்கான் கிளியர்தானே என்பார் கணவர். அவருக்கு வங்கியில் வேலை. தாளில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவருக்குத் தேத்தண்ணி போடுவதை நிறுத்தினேன்.

களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர்தான், ஸ்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விளங்கப்படுத்தினார். நோவு நாட்பட்டால் தசைநாணின் உயிர்க்கலங்களே குளுட்டமேற் போன்ற நரம்புக் கடத்திகளைச் சுரக்கத் தொடங்கலாமாம். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளும் அங்கே பெருகலாமாம். காயம் ஆறினாலும் நோவு மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்கான் அதைக் காட்டாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடத்தியும் வாங்கியும் நான் வருடாவருடம் படிப்பிக்கிற பாடம்.

டியூட்டரி நடத்துபவர் இதற்குள் மோப்பம் பிடித்திருந்தார். பலகையில் என் எழுத்து வரவரக் கீழே இறங்குவதைக் கவனித்திருக்கிறார். தன் மச்சானும் உயிரியல் படிப்பிப்பவர்தான், இப்போது சும்மா இருக்கிறார் என்று என் காதில் போட்டார். அந்த வகுப்புப் போனால் எனக்கு வேறு வகுப்பில்லை. தோளைப் பற்றி அவரிடம் நான் மூச்சே விடவில்லை.

நரம்பு முடிவுகளைப் படிப்பித்த அன்று அவர் வந்து வாசலில் நின்றார். படத்தைப் பலகையின் மேலே கீறவேண்டும். கையைத் தூக்கியதும் தோளிலிருந்து முழங்கைவரை எரிந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் போனபோது, சத்தம் அடங்கட்டும் என்ற பாவனையில் கையை இறக்கினேன். ரயில் போய்விட்டது. திரும்பத் தூக்கினேன்.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மிஸ், நரம்புக் கடத்தியை நரம்பு மட்டுந்தானே சுரக்கும்?"

ஓம் என்றால் முடிந்தது. அவர் வாசலை விட்டு அசையவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"சோதினைக்கு அப்பிடியே எழுதுங்கோ," என்றேன். "ஆனா என்ர தோளும் சுரக்குது. ஒரு வருசத்துக்கு மேல நோகுது."

வகுப்பு முடிய அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வாதாடுவதற்கென்று ஸ்கானையும் டொக்டர் எழுதித் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் தொடவில்லை.

"நோகுது எண்டு நீங்கள் சொன்னாக் காணும், மிஸ். எனக்கு ஸ்கான் ஒண்டும் தேவையில்லை. அடுத்த கிழமையிலயிருந்து மச்சான் வருவார்."

டொக்டருக்குக்கூட ஸ்கான் தேவைப்பட்டது. என் சொல்லை மட்டும் கேட்டு என் நோவை நம்பியவர் டியூட்டரி நடத்துபவர் ஒருவர்தான்.