டிசம்பருக்கான கச்சான் விதை

விவசாய அலுவலராக நான் செய்யவிருந்த ஒரு பிழையை மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டு முடிவதற்குள் செலவிடாத நிதி ஒதுக்கீடு அரச திறைசேரிக்குத் திரும்பிவிடும். அந்த அவசரத்தில், டிசம்பர் மழையில், விவசாயிகளுக்குக் கச்சான் என்னும் நிலக்கடலை விதை வாங்கிக் கொடுக்கத் தீர்மானித்து, பயனாளர் பட்டியலில் ஒப்பம் பெறத் திரியாய்க் கிராமத்தில் கூட்டம் வைத்தேன். பட்டியலின் முதற்பெயருக்குரிய மங்களம்மா ஒப்பமிட மறுத்தார்.

“ஐயா, தோட்டமெல்லாம் வெள்ளம். இப்ப விதைச்சா அழுகிப் போகும்.”

“வீட்டில வைச்சிருங்கோ அம்மா.”

“வைச்சா எலிக்குத்தான் விருந்து. இது எங்களுக்குத் தாற விதையோ, உங்கட டிசம்பருக்குத் தாற விதையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவை மூடினேன்.

“அப்ப உங்களுக்கு என்ன வேணும்?” அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

“நெல்லுக் காயப்போட நிலத்தில விரிக்கிற படங்கு தாங்கோ. போனமுறை றோட்டில காயப்போட்டு, பாதி நெல்லு வாகனச் சில்லோட போயிட்டுது.”

மறுநாளே கோரிக்கையை மாற்றி எழுதினேன், பணிப்பாளரும் அனுமதித்தார். மாசி அறுவடையில் நீலப் படங்குகளின்மேல் நெல் காய்வதைக் கண்டு மனம் நிறைந்தேன்.

கேளாமலே அறிந்து அருள்பவன் இறைவன் என்று நாள்தோறும் பாடியவன் நான். அலுவலகக் கதிரை அந்த வல்லமையை எனக்கும் தந்ததாக எண்ணியிருந்தேன். என்னை அதிலிருந்து இறக்கிவிட்ட மங்களம்மாவின் நலனுக்காக இப்போது காலையில் ஒரு பதிகம் கூடுதலாகப் பாடுகிறேன்.